கணக்கைக் காட்டி மிரட்டுவோரும் கணக்கை மறைத்து விற்போரும்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளிவந்ததும் ஊர்முனைகளிலே முளைக்கும் விளம்பரப் பலகைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள், தோழரே! "கணினி படிக்கக் கணக்கு எதற்கு?" என்று கேட்கிறது ஒரு கூட்டம். "கணக்கு வராத உனக்குக் கணினி எதற்கு?" என்று கேட்கிறது மற்றொரு கூட்டம். முன்னது கதவைத் திறந்து கட்டணப் பெட்டியை நீட்டுகிறது. பின்னது கதவையே சாத்துகிறது. பகைவர்போல் தோன்றும் இவ்விருவரும் ஒரே நாடகத்தின் இரு வேடங்கள்! நாடகம் எழுதுபவன் சொல்கிறேன். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கணிதம் ஏறாது என்ற எண்ணமே இருவருக்கும் வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறது.

கணிதம் வேண்டாம் என்போரை முதலில் கேட்போம். தேர்தல் பணியாற்றிய தோழர்கள் அறிந்த செய்தியே போதும். 10 லட்சம் பெயர் கொண்ட வாக்காளர் பட்டியல். இருமுறை இடம்பெற்ற பெயர்களைக் களைய வேண்டும். ஒவ்வொரு பெயரையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிடு என்று கணினிக்குக் கட்டளையிட்டால், ஏறத்தாழ 50,000 கோடி ஒப்பீடுகள்! அகர வரிசையிலே அடுக்கி, அடுத்தடுத்து நிற்பவற்றை மட்டும் பார் என்றால், அடுக்கும் வேலையும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடியில் முடிந்துவிடும். அடுக்கிய பட்டியலில் ஒரு பெயரைத் தேடவோ, நடுவிலே பிரித்து, வேண்டாத பாதியைத் தள்ளி, மீதியையும் அவ்வாறே பிரித்துச் சென்றால் 20 முறை போதும்.

பொறி அதுவே, மின்சாரம் அதுவே. 50,000 கோடியை 2 கோடியாக்கியது எது? கணிதமன்றோ! இன்று ஊரெல்லாம் பேசும் செயற்கை நுண்ணறிவின் உள்ளே ஓயாது நடப்பதும் பள்ளியிலே படித்த அணிப் பெருக்கலே. இணையப் பக்கம் ஒன்றை அமைக்கப் பெருங்கணிதம் வேண்டியதில்லைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சில மாதங்களில் கற்கலாமே! நான்கு ஆண்டுகளையும் நிலம் விற்ற பணத்தையும் வாங்கிக்கொண்டு, பிறர் எழுதிய கட்டளையைப் படியெடுக்கப் பழக்குவதற்கா பொறியியல் பட்டம்?

2021 மார்ச்சில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பொறியியலில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பிலே கணிதமும் இயற்பியலும் கட்டாயமில்லை என்று கையேட்டில் எழுதிற்று. எதிர்ப்பு எழுந்ததும், எல்லாப் படிப்புக்கும் அல்ல என்று விளக்கம் வந்தது. விளக்கம் வந்தது, விளம்பரப் பலகை இறங்கவில்லை!

இனி, கதவைச் சாத்துவோர் பக்கம் திரும்புவோம். 1815-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரிலே செருப்புத் தைப்பவர் மகனாகப் பிறந்தார் ஜார்ஜ் பூல். பல்கலைக்கழகப் பட்டம் அவருக்கு இல்லை, தாமே கற்றார். ஆம், இல்லை, அல்லது என்று நாம் பேசும் தருக்கத்தை இயற்கணிதமாக்கி 1847-லும் 1854-லும் நூல்கள் வெளியிட்டார். அந்த இயற்கணிதத்தால் மின்சுற்றுகளை வடிவமைக்கலாம் என்று 1937-ல் காட்டினார் கிளாடு ஷானன் என்ற மாணவர். உங்கள் சட்டைப்பையிலுள்ள கைபேசியின் சுற்றுகளிலே இன்றும் ஓடுவது அதே தருக்கம். செருப்புத் தைப்பவர் மகனுக்குக் கணிதம் எதற்கு என்று லிங்கன் நகரத்து அண்டை வீட்டாரும் கேட்டிருப்பார்களோ, என்னவோ!

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கணினிப் பொறியியலில் சேர்ந்து மூன்றாம் பருவத்தோடு வெளியேறியவன் நான். பள்ளியிலே தமிழில் படித்தவன். ஆசிரியர் 'இண்டக்ஷன்' என்றபோது எனக்கு அடுப்புத்தான் நினைவுக்கு வந்தது! அது நான் முன்பே கற்ற கணிதத் தொகுத்தறிதல் என்று சொல்ல ஆளில்லை. வரிசைமாற்றமும் நிகழ்தகவும் சமானத் தொடர்பும் வேற்றுப்பெயர் சூடி வந்து நின்றன. பழகிய முகங்களைப் பகைவர் என்றெண்ணி அஞ்சினேன். இதற்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று ஒருநாள் எழுந்து கேட்டேன். "பாடத்திட்டத்தில் இருக்கிறது, உட்கார்" என்பது விடை. உட்கார்ந்தேன், பிறகு எழுந்து போய்விட்டேன். மேடைக்கு ஆள் கிடைத்தது என்று தோழர்கள் மகிழக்கூடும். என்னோடு எழுந்து போனவர்கள் அனைவருக்குமா மேடை கிடைத்தது?

கலந்தாய்வின் தரவரிசையிலே 200 மதிப்பெண்ணில் 100 கணிதத்துக்கு. வாயிலில் பாதி எடையைக் கணிதத்துக்குக் கொடுத்து நிறுக்கிறீர்கள். உள்ளே வந்தபின், அது எங்கே பயன்படுகிறது என்று காட்ட மட்டும் ஏன் தயங்குகிறீர்கள்? தொகுத்தறிதலைக் கற்பிக்கும் அன்றே, அதைக்கொண்டு ஒரு நிரல் சரியென நிறுவிக் காட்டலாகாதா? நிகழ்தகவு நடத்தும் வாரத்திலேயே, வேண்டாத மின்னஞ்சலைக் கணினி எப்படிப் பிரிக்கிறது என்று விளக்கலாகாதா? பின்தங்கி வந்தவர்க்கு முதல் பருவத்திலே மாலை வகுப்பு நடத்தலாகாதா? இருமொழிக் கலைச்சொல் கையேடு ஒன்றை முதல்நாளே மாணவர் கையில் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? கல்லூரி முகப்பு வளைவுக்கு ஆண்டுதோறும் அடிக்கும் வண்ணத்தின் விலைகூட ஆகாதே, தோழரே!