உப்பு மூட்டை ஓட்டையை அடைக்காது

பழைய கார் என்றால் மழைக்காலத்தில் கண்ணாடியில் ஆவி படியத்தான் செய்யும், ஷாம்பு தடவித் துடையுங்கள், சீட்டுக்கு அடியில் கல் உப்பு மூட்டை வையுங்கள், ஏசி போட்டுப் பெட்ரோலை வீணாக்காதீர்கள், மெக்கானிக்கிடம் போகாதீர்கள் என்று நம் ஊர்க் கார்க்காரர்களுக்கு ஒருவர் அறிவுரை எழுதியிருக்கிறார். திருவண்ணாமலையில் பல வருடமாகப் பழைய கார் ஓட்டுகிறவன் நான். சொல்கிறேன்: இந்த அறிவுரை முழுக்கத் தப்பு. நம் ஊர் ரோட்டில் இது ஆளையே கொல்லும்.

காருக்கு வயதாவதால் கண்ணாடி வேர்ப்பதில்லை. மழையில் கண்ணாடி குளிர்ந்திருக்கிறது, உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டு நீராகிறது. உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளியே விடுகிறார். நனைந்த துணியோடு நாலு பேர் ஏறினால் ஷோரூமிலிருந்து வந்த காரிலும் கண்ணாடியை ஆவி மூடும். புளோயரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் விலகும். ஆனால் ராத்திரி பூட்டி வைத்த கார், காலையில் ஆள் ஏறுவதற்கு முன்பே உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்து நிற்கிறதா? தண்ணீர் உள்ளே வந்து தங்கிவிட்டது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் ஒருவர் வைத்தியம் சொல்லக் கூடாது.

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலையிலேயே மண் சரிந்து ஏழு பேரைப் பறிகொடுத்தோம். அந்த மழை முழுக்க என் கார் வேப்பமரத்தடியில் நின்றது. கார்த்திகை தீபம் முடிந்தும் கண்ணாடி தெளியவில்லை. கடைசியில் முன்சீட்டைக் கழற்றி, இடது பக்கக் கார்பெட்டைத் தூக்கினேன். மேலே தொட்டால் காய்ந்தே இருந்தது. அடியில் இருந்த ஃபோமைப் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. சின்ன பக்கெட் ஒன்று முக்கால்வாசி நிறைந்தது. போனட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் கைவிட்டேன். வேப்பிலையும் மண்ணும் மக்கிச் சேறாகி, தண்ணீர் வெளியேற வேண்டிய ஓட்டையை அடைத்திருந்தன. அங்கே நிரம்பிய மழைநீர், புளோயர் காற்று இழுக்கும் வாய் வழியாகக் காருக்குள் இறங்கியிருக்கிறது. ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியால் குத்திவிட்டேன். கார்பெட்டையும் ஃபோமையும் மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் போட்டேன். கைக்காசு செலவில்லை. மெக்கானிக்கிடம் போனால் பணம் போகும் என்று பயமுறுத்துகிறவர், தானே கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கலாம் என்று ஏன் ஒரு வரி எழுதவில்லை?

லிட்டர் கணக்கில் தண்ணீர் ஊறிக் கிடக்கும் இடத்தில் ஒரு மூட்டை உப்பு என்ன செய்யும்? காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே கசியத் தொடங்கும். அந்த உப்புத் தண்ணீர் தரைத்தகட்டில் சொட்டினால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். அப்புறம் டிங்கரிங் செலவு யார் தலையில்? ஷாம்பு கொஞ்ச நேரம் நீர்த்துளியைப் பரத்திக் காட்டும், அவ்வளவுதான். ராத்திரி எதிர்வண்டி லைட் அடிக்கும்போது அந்தப் படலமே கண்ணைக் கூச வைக்கும்.

ஏசி விஷயத்தில் அவர் சொன்னது நேர் தலைகீழ். காற்றிலிருந்து ஈரத்தைப் பிடித்து, டிரெயின் பைப் வழியாகக் கீழே சொட்ட வைப்பதே ஏசிதான். அந்தப் பைப் அடைத்தால் தண்ணீர் முன்சீட்டுக் காலடியில் நிற்கும், அதையும் பாருங்கள். வெளிக்காற்றை அடைத்துவிட்டு ஏசியும் இல்லாமல் ஓட்டினால், விட்ட மூச்சே திரும்பத் திரும்பக் கண்ணாடியில் படியும். ஆவியை உள்ளிருந்து விரலால் துடைத்தும் போகவில்லையென்றால் அது வெளிப்பக்க ஆவி: ஏசியின் குளிர்ச்சியைக் குறைத்து வைப்பரைப் போட்டால் போதும். ஆவி பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு படிந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹீட்டர் கசிகிறது. அதற்கு மெக்கானிக்கிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

மற்ற இடங்களில் ஒழுகுகிறதா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மேலாக மெல்லக் கொண்டுபோகட்டும். மேலிருந்து ஊற்றினால் எந்த இடம் ஒழுகுகிறது என்றே தெரியாது. வெடித்த பீடிங், கதவின் அடியில் அடைந்த ஓட்டை, டிக்கி ரப்பர், பின் லைட்டின் வாஷர் எல்லாம் அப்போது அகப்படும்.

விடியற்காலை ஐந்து மணிக்குச் செங்கம் ரோட்டில் கார் ஓட்டிப் பாருங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுகிறவர்கள் செருப்பில்லாமல், சத்தமில்லாமல் ஓரமாக நடந்து வருவார்கள். அவர்களில் பலர் வெளியூர். எந்த வளைவில் வண்டி வரும் என்று தெரியாது. ஆவி மூடிய கண்ணாடியில் உள்ளங்கையால் துடைத்த ஒரு வட்டம் வழியாக அவர்களைப் பார்த்து ஓட்டச் சொல்கிறது அந்த அறிவுரை. அடுத்த கார்த்திகை மழை தொடங்குவதற்குள் அதை எழுதியவர் அதைத் திரும்பப் பெற வேண்டும்.