சங்கிலியின் முதற் கண்ணி

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகமொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் பறிபோயின. நடத்தியவரைப் பழித்தோம், பின்னர் மறந்தோம். அச்சங்கிலியின் முதற் கண்ணி நம் வகுப்பறையின் அறியாமையிலேயே வார்க்கப்படுகிறது என்பது எம் துணிபு.

மனநோய்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதிற்குள்ளும், பாதி 18 வயதிற்குள்ளும் அரும்பிவிடுகின்றன என்பர் ஆய்வாளர். எட்டாம் வகுப்பு மாணவன் மலேரியாவைப் பரப்பும் கொசுவின் பெயரை அறிவான். ஆனால், வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் ஒவ்வாது, ஆடுகளம் வெறுத்துக் கடைசி இருக்கையில் முடங்கிக் கிடக்கும் தோழனுக்கு நேர்ந்தது மனச்சோர்வு என அறியான். அவன் அறிந்ததெல்லாம் 'லூசு' என்னும் வசைச்சொல்லே. ஆசிரியர் 'சோம்பேறி' என்பார். (நாமும் அவ்வாறு சொன்னவர்களே.) வீட்டார் கண்ணேறு என்று தாயத்துக் கட்டுவர். துஆ உள்ளத்திற்குத் தெம்பு தருவதே. எனினும் மருத்துவரை நாடாதிருக்க அது காரணமாகுமா?

அறிவியற் பாடநூலில் காய்ச்சலுக்கு அடுத்த பக்கத்தில் மனச்சோர்வும் இடம்பெறல் வேண்டும். வகுப்பாசிரியருக்கு அதன் அறிகுறிகளை இனங்காணும் பயிற்சி வேண்டும். பாடநூல் மாறக் காலம் பிடிக்கலாம். 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் கட்டணமில்லா எண் 14416, தமிழிலும் பேசலாம். அவ்வெண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைக்க எவ்வரசாணைக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.