பாட்டிக்குத் திடீரென்று என்ன வந்துவிட்டது?

நாகரிகமான குடும்பங்களில் வாய்விட்டுப் பேசாத விஷயங்கள் சில உண்டு. வீட்டுப் பெரியவர்களுக்குச் சிறுநீர் சரியாகப் பிரிகிறதா என்பது அவற்றுள் ஒன்று. பேரனுடைய பரீட்சை மார்க்கைப் பற்றியும் மாப்பிள்ளையின் சம்பள உயர்வைப் பற்றியும் கூடத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுகிறோம். இந்தப் பேச்சை யாராவது எடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். மறதி நோயால் பீடிக்கப்பட்ட பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டில் இந்தக் கூச்சம் ஆபத்தாகவே முடியக்கூடும். ஆதலால் நேயர்களின் அனுமதியுடன் இந்த வாரம் இதைக் குறித்தே எழுதத் துணிகிறோம்.

டாக்டர்கள் டிமென்ஷியா என்று சொல்லும் மறதி நோய் நம் நாட்டில் அபூர்வமானதன்று. 2023-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7.4 பேருக்கு இந்நோய் உண்டு; அதாவது சுமார் 88 லட்சம் பேர். நமது தெருவிலேயே இரண்டொரு வீடுகளில் இருக்கும் என்று கொள்ளலாம்.

இந்த நோயின் முக்கியமான குணம், அது மெள்ள மெள்ள வருவது. கார்த்திகையில் பேரனின் பெயரை மறந்தவர் அடுத்த ஆடியில் பேரனையே மறக்கலாம். ஆனால் திங்கட்கிழமை காலையில் தாமாகவே காபி அருந்தியவர், புதன்கிழமை மாலையில் டம்ளரைப் பிடிக்கத் தெரியாமல் விழிப்பது மறதி நோயின் வழக்கமன்று. உடம்பில் வேறு ஏதோ ஒரு கோளாறு புகுந்து மூளையைக் கலக்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஜுர வேகத்தில் பிதற்றுவதை நம் முன்னோர் ஜன்னி என்றார்கள். டாக்டர்கள் டெலீரியம் என்பதும் ஏறக்குறைய அதுவே. சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ அது தோன்றும். காலையில் சற்றுத் தெளிந்து, மாலையில் மறுபடி கலங்கும்.

ஜன்னியிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று, வீட்டையே கிடுகிடுக்க வைப்பது. இரவெல்லாம் கண் விழிப்பார். இல்லாத மனிதரோடு பேசுவார். மருமகளை அடிக்கக் கை ஓங்குவார். மற்றொன்று ஓசையற்றது. பெரியவர் சோர்ந்து படுத்துவிடுவார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். சாதத்தை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் இருப்பார். "இன்றைக்கு அம்மா சமர்த்தாகப் படுத்திருக்கிறாள்" என்று வீட்டார் ஆறுதல் அடைவார்கள். முதல் விதத்தைப் பிடிவாதம் என்றும், இரண்டாவதைச் சமர்த்து என்றும் நினைத்து நாட்களைக் கடத்துவதே பெரும்பாலும் நடக்கிறது. டாக்டரை அவசரமாக அழைக்க வேண்டிய வேளை, இரண்டிலும் அதுதான்.

* * *

இவ்விதமான ஜன்னிக்குக் காரணமாகக் கூடியவற்றுள் ஒன்று சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்குவது. பெரும்பாலும் நம் குடலிலேயே வசிக்கும் கிருமிதான் வழிதவறிச் சிறுநீர்ப் பாதைக்குள் ஏறிவிடுகிறது. ஜெர்மானிய வைத்தியரான தியோடர் எஷரிக் 1885-இல் விவரித்த இக்கிருமிக்கு அவர் பெயரே பின்னாளில் வழங்கலாயிற்று. ஸ்திரீகளின் சிறுநீர்த் தாரை சுமார் 4 சென்டிமீட்டர் நீளமே உள்ளது. புருஷர்களுக்கோ சுமார் 20 சென்டிமீட்டர். பாட்டிமார்களை இத்தொல்லை அதிகமாக அணுகுவதற்கு இது ஒரு காரணம். மாதவிடாய் நின்றபின் அவ்விடத்துச் சவ்வு மெலிந்து வறண்டுபோவது மற்றொரு காரணம். தாத்தாமார்களுக்கு ப்ராஸ்டேட் சுரப்பி பருத்து, சிறுநீர் முழுதும் வெளியேறாமல் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கிருமி வளரும். நீரிழிவும் மலச்சிக்கலும் இவற்றுக்கு உடந்தை.

நமக்கு நீர்க்கடுப்பு வந்தால் எரிகிறது என்று வாய் விட்டுச் சொல்கிறோம். மறதி நோய் உள்ளவருக்கு எரிச்சல் தெரியும். அதைச் சொல்ல வார்த்தை அகப்படாது. ஆகவே அவருடைய செய்கைகளைத்தான் நாம் படிக்க வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து போகிறாரா? சிறுநீர் கழிக்கும்போது முகம் சுளிக்கிறாரா? அடிவயிற்றைத் தொட்டால் கையைத் தட்டிவிடுகிறாரா? புடவையையோ வேஷ்டியையோ ஓயாமல் இழுக்கிறாரா? இதுவரை அடக்கத் தெரிந்தவர் இரண்டு நாளாகப் படுக்கையை நனைக்கிறாரா? சிறுநீரில் ரத்தம் தெரிகிறதா? இவை கவனிக்க வேண்டிய குறிகள். விருத்தாப்பியத்தில் ஜுரம் உச்சத்துக்கு ஏற வேண்டுமென்பதில்லை. சாதாரணமாக 97 டிகிரி உள்ளவருக்கு 99 டிகிரி ஏறினாலும் அதை ஜுரமென்றே எண்ண வேண்டும்.

உடல் வெடவெடவென்று நடுங்குதல், மூச்சு வேகமாக வாங்குதல், எழுப்பினாலும் எழாத மயக்கம், கைகால் சில்லிடுதல், பல மணி நேரமாகச் சிறுநீரே இல்லாதிருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கண்டால், கிருமியின் கேடு ரத்தத்தில் பரவிவிட்டதோ என்று அஞ்ச வேண்டும். அப்போது விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே முறை.

* * *

இவ்வளவையும் படித்த நேயர்கள், "இனிமேல் பாட்டி கொஞ்சம் தடுமாறினால் உடனே சிறுநீரைச் சோதித்து மருந்து கொடுத்துவிடலாம்" என்று தீர்மானித்தால், நாம் எழுதியது பாதிப் பிரயோஜனமே ஆகும். கவனியாமல் விடுவது ஒரு தவறு. எல்லாப் பழியையும் சிறுநீரின் தலையில் போடுவது அதற்கு நேர் எதிரான தவறு. பின்னதும் இக்காலத்தில் மிகவும் மலிந்திருக்கிறது.

காரணம் இதுதான். முதியோர் பலருடைய சிறுநீரில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் கிருமிகள் குடியிருக்கின்றன. முதியோர் இல்லங்களில் வசிக்கும் ஸ்திரீகளில் 100-க்கு 25 முதல் 50 பேர் வரை இவ்விதம் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். சிறுநீர்க் குழாய் பொருத்தி ஒரு மாதம் ஆனவர்களில் அநேகமாக எல்லாருக்கும் உண்டு. இவர்களுக்கு நிமோனியாவால் புத்தி கலங்கினாலும், அன்றைக்குச் சிறுநீரைச் சோதித்தால் கிருமி இருக்கத்தான் செய்யும். சிறுநீரின்மேல் பழி சுமத்தி மருந்து கொடுத்துவிட்டு, நுரையீரலைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? சிறுநீர் நாறுகிறது, கலங்கியிருக்கிறது என்பதும் தனியாக ஒரு சாட்சியன்று. தண்ணீர் போதாவிட்டாலும் அப்படி இருக்கும். நிறம் மாறும் காகிதப் பட்டையைச் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனையை 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நம்ப வேண்டாமென்று பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையினர் எச்சரித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் தொற்றுநோய் வைத்தியர் சங்கம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. புத்தி கலங்கிய முதியவரின் சிறுநீரில் கிருமி இருந்தபோதிலும், ஜுரமோ ரத்த அழுத்தக் குறைவோ சிறுநீர் சம்பந்தமான புதிய உபாதையோ இல்லாவிட்டால், உடனே ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுக்காமல் வேறு காரணங்களைத் தேடி, நோயாளியைக் கூர்ந்து கவனித்து வர வேண்டும் என்பது அதன் சாரம்.

வேறு காரணங்கள் யாவை? ரத்தத்தில் உப்புச் சத்துக் குறைதல், சர்க்கரை மிகவும் தாழ்தல் அல்லது ஏறுதல், நாலைந்து நாள் மலம் கட்டிக்கொள்ளுதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், யாருக்கும் தெரியாமல் விழுந்து இடுப்பிலோ தலையிலோ அடிபடுதல், பக்கவாதத்தின் ஆரம்பம், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை, ஏன், சாதாரண ஜலதோஷ மாத்திரைகூட. இவற்றைப் பிரித்து அறிவது டாக்டரின் வேலை. அவருக்கு வேண்டிய சாட்சியத்தைக் கொடுப்பது நம்முடைய வேலை. எந்த நாள், எந்த வேளையில் மாறுதல் கண்டது, அதற்கு முன் பெரியவர் எப்படி இருந்தார், உண்ட உணவும் குடித்த நீரும் எவ்வளவு, மலஜலம் எப்படி, என்னென்ன மருந்துகள் என்பவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போக வேண்டும். "சுவாமி, நேற்று முன்தினம் வரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்" என்று மகன் சொல்லும் ஒரு வாக்கியம் பல சோதனைகளைவிட டாக்டருக்கு உபயோகப்படும்.

* * *

சிறுநீர்த் தொற்றுதான் என்று டாக்டர் சந்தேகித்தால் கல்ச்சர் என்னும் சோதனைக்கு எழுதிக் கொடுப்பார். கூடியவரையில் மருந்தைத் தொடங்குமுன் இதற்குச் சிறுநீர் பிடித்துவிட வேண்டும். அவ்விடத்தைக் கழுவி, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைச் சோதனைச்சாலையார் கொடுத்த சுத்தமான பாட்டிலில் பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரியவரும். நோய் கடுமையாயிருந்தால் அதுவரை காத்திராமலே டாக்டர் மருந்தைத் தொடங்கி, முடிவு வந்தபின் மாற்றுவார்.

போன தடவை மிஞ்சிய மாத்திரையையோ, அடுத்த வீட்டு மாமிக்குக் குணம் தந்த மாத்திரையையோ கொடுத்துப் பார்ப்பது மிகவும் தவறு. கண்டபடி தின்ற மருந்துகளால் நம் நாட்டுக் கிருமிகள் பலவும் மருந்துக்கு அஞ்சாதவையாகிவிட்டன. 2014 முதல் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளை ஷெட்யூல் எச்-1 என்ற பட்டியலில் சேர்த்து, அவற்றை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சர்க்கார் விதித்தது இதனால்தான். சிப்ரோஃப்ளாக்சசின் முதலிய ஒரு வகை மருந்துகள் கவனக் குறைவையும் மனக் குழப்பத்தையும், ஜன்னியையுமே உண்டாக்கக் கூடுமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2018-இல் எச்சரித்தார்கள். நோயைத் தீர்க்கப் போய் நோயையே கொடுத்த கதையாகக் கூடாதல்லவா?

மருந்து வேலை செய்து ஜுரம் தணிந்த பிறகும் புத்தி தெளியச் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள்கூட ஆகும். அதுவரை தெரிந்த முகங்களே அருகில் இருக்கட்டும். கண்ணாடியையும் காது மெஷினையும் மறவாமல் அணிவிக்க வேண்டும். பகலில் வெளிச்சமும் இரவில் அமைதியும் வேண்டும. "மூலையில் யாரோ நிற்கிறான்" என்று அவர் சொன்னால், வாதாடி ஜயிப்பதில் லாபமில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

* * *

வராமல் தடுக்கும் உபாயங்கள் எளியவை. படுக்கை நனைந்துவிடும் என்று பயந்து பெரியவருக்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எழுந்து போவதற்குக் கூசி, பாட்டிமார்களே குடிக்காமல் இருப்பதும் உண்டு. இவ்வழக்கத்தை விட வேண்டும். மறதி நோய் உள்ளவர் தாகத்தையும் மறப்பார். ஆகையால் மணிக்கு ஒரு முறை நாமே டம்ளரைக் கையில் கொடுக்க வேண்டும். பார்லிக் கஞ்சி, நீர்மோர், இளநீர் எல்லாம் நல்லவையே. "உடம்புச் சூடு" என்று சொல்லி அவற்றாலேயே தொற்றைத் தீர்த்துவிடலாம் என்று மட்டும் நம்பக்கூடாது. அவை தண்ணீர் தரும், கிருமியைக் கொல்லா. இருதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு எவ்வளவு நீர், இளநீர் ஆகுமா என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், மலச்சிக்கலைப் போக்குதல், ஸ்திரீகளுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைத்தல், நனைந்த துணியை உடனே மாற்றுதல், அவசியமின்றிச் சிறுநீர்க் குழாய் வைத்துக்கொள்ளாதிருத்தல் இவையே மற்ற காரியங்கள். அடிக்கடி தொற்று வரும் பாட்டிமார்களுக்கு அவ்விடத்தில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பலன் தருவதுண்டு. அதையும் டாக்டரிடம் கூசாமல் கேட்கலாம்.

இந்தச் சிசுருஷையெல்லாம் பெரும்பாலும் ஒரு மருமகளின் தலையிலோ மகளின் தலையிலோ விழுகிறது என்பதை நாம் அறிவோம். பாட்டி ஒரு நாள் திடீரென்று அவளையே திருடி என்று வைதால், அவள் மனம் உடைந்துபோவது இயல்பு. வைதது பாட்டியல்ல, பாட்டியின் உடம்பில் புகுந்த ஏதோ ஒரு வியாதி என்று வீட்டிலுள்ள மற்றவர்கள் அவளுக்குச் சொல்ல வேண்டும். அதோடு, "வயசாகிவிட்டால் அப்படித்தான்" என்ற பேச்சை அன்று ஒரு நாளைக்கு ஒத்திவைத்துவிட்டு, தெர்மாமீட்டரை எடுக்கும்படியும், டாக்டருக்குச் சொல்லி அனுப்பும்படியும் நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.