கையாற் செய்த விண்மீன்

திசெம்பர் மாதம் பிறந்ததும் எங்கள் ஹெந்தளையிலே வீட்டு முகப்புகள்தோறும் விண்மீன்கள் தோன்றுகின்றன. களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்துக்கு வடக்கே, ஹமில்டன் கால்வாயை அடுத்துக் கிடக்கும் இவ்வூரிலே கத்தோலிக்க மக்கள் மிகப் பலர். ஆதலின் நத்தார் இங்கே ஒரு வீட்டின் விழாவன்று, தெருவின் விழா. சைவனாகிய யானும் அவ்வொளியிலே நடந்து வீடு திரும்புபவன். அவ்வுரிமை பற்றியே ஒரு கருத்தை ஈண்டு எடுத்துரைக்கத் துணிகின்றேன். விலைக்கு வாங்கிய பிளாஸ்டிக் விண்மீன் பத்தினும், பிள்ளைகளோடு கூடியிருந்து கையாற் கட்டிய விண்மீன் ஒன்று சிறந்தது என்பதே அது. இதனைப் பழமைப் பற்று என்று எவரும் தள்ளிவிடுதல் ஆகாது. நம் வீட்டு மொழியின் வாழ்வும் இதனோடு பிணைந்திருக்கின்றது.

விண்மீன் கட்டுதல் எளிய வேலை போலத் தோன்றும். செய்து பார்ப்பார்க்கே அதன் நுட்பம் புலனாகும். மூங்கிலைப் பிளந்து, கணுவை மழித்து, ஒரே நீளமும் ஒரே தடிப்பும் உள்ள சிலாகைகள் பத்துச் சீவிக்கொள்ளல் வேண்டும். ஐந்து சிலாகைகளைக் குறுக்கிட வைத்து முனைகளைக் கட்டினால் ஐம்முனை விண்மீன் ஒன்று ஆகும். அவ்வாறே மற்றொன்று. இரண்டையும் ஒன்றன்மேலொன்று பொருத்தி, முனைகளை நூலாற் பிணித்து, உட்கோணங்கள் ஐந்திலும் சிறு குச்சிகளை ஊன்றினால் நடுவு புடைத்து எழும். முனை ஒவ்வொன்றும் 36 பாகை. சிலாகை ஒன்று விரலளவு குறைந்தாலும் முழுவதும் கோணிப்போகும். பின்னர்க் கோதுமை மாவிற் காய்ச்சிய பசையால் மெல்லிய வண்ணத்தாளை ஒட்டுதல் வேண்டும். பசை மிகுந்தால் தாள் ஊறிக் கிழியும். குறைந்தால் காற்றிலே பெயரும்.

இதிலே கணக்கும் உண்டு, பொறுமையும் உண்டு. ஜெர்மனியிலே நீஸ்கி என்னும் ஊரில் மொராவிய சபையார் நடத்திய பாடசாலையிலே, 1830களில் கேத்திர கணிதப் பாடத்துக்காகத் தாளிற் செய்த பன்முனை விண்மீனே, இன்று உலகின் பல நாடுகளில் நத்தார்க் காலத்திலே தொங்கும் மொராவிய விண்மீனாயிற்று. பாடம் அலங்காரமாயிற்று, அலங்காரம் மரபாயிற்று.

ஆயினும் தமிழாசிரியனாகிய என் கவலை வேறொன்று. பிளத்தல், வகிர்தல், சீவுதல், செதுக்குதல், மழித்தல் ஆகிய ஐந்துக்கும் வேறுபாடு யாதென்று வகுப்பிலே வினவினால், பிள்ளைகள் அகராதியைத் தேடுகின்றனர். கத்தியும் மூங்கிலும் கையிலே இருந்த பிள்ளைக்கு அகராதி வேண்டா. வினைச்சொற்கள் கையிலே பிறந்து நாவுக்கு ஏறுவன. பொருள் வரும்போது சொல் வரும் என்பதற்கு நம் ஈழத்துத் தமிழே சான்று. 1505 இலே போர்த்துக்கேயர் இங்கு வந்தனர். அவர்தம் விழா நமக்கு நத்தார் என்னும் சொல்லைத் தந்தது; அவர்தம் பொருள்கள் கதிரை, அலுமாரி என்னும் சொற்களைத் தந்தன. பொருளோடு சொல் வருமாயின், தொழில் போகும்போது சொல்லும் உடன் போதல் இயல்பேயன்றோ?

சொல் மட்டுமன்று, மொழியே போனதையும் இக்கரை கண்டிருக்கின்றது. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரை தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, ஒரு நூற்றாண்டு காலத்துள்ளே சிங்களத்துக்கு மாறின. இதனை நிந்தையாகக் கூறினேனல்லேன். சிங்களமும் இனிய மொழியே. பள்ளியின் மொழி மாறினால் வீட்டின் மொழியும் காலப்போக்கிலே தளரும் என்பதையே சுட்டுகின்றேன். இன்று எம்மூர்த் தமிழ்ப் பிள்ளைகளுள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கற்போர் பலர். அவர்க்கு எஞ்சியுள்ள தமிழ்ப் பள்ளி வீடு ஒன்றே. அங்கோ, “சாப்பிட்டாயா? படித்தாயா? படு” என்னும் மூன்று தொடர்களோடு உரையாடல் முடிந்துபோகின்றது. கூடிச் செய்யும் வேலை இருந்தாலன்றிக் கூடிப் பேசும் பேச்சு இராது. ஒரு விண்மீன் கட்டி முடியுமுன், பாட்டனும் பேத்தியும் ஓராயிரம் சொற்களைப் பரிமாறிக்கொள்வர்.

பாலன் குடிலும் இத்தகையதே. 1223 ஆம் ஆண்டிலே இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரிலே அசிசியின் பிரான்சிஸ் முனிவர் வைக்கோலும் எருதும் கழுதையும் கொண்டு குடில் அமைத்தார். எளிய மக்கள் தம் கண்முன் கிடந்த பொருள்களாலேயே பெத்லகேமைக் காண வேண்டுமென்பது அவர் நோக்கு. இத்தாலியராகிய வீரமாமுனிவரும் 1726 இலே தேம்பாவணி பாடியபோது, யூதேய நாட்டைத் தமிழ்க் காப்பிய மரபிலே தமிழ்நிலத்தின் வளமெல்லாம் தோன்ற வருணித்தார். நாமோ மழையும் வெக்கையும் மாறிமாறி வரும் கொழும்பு மார்கழியிலே, பஞ்சைத் தூவிப் பனி என்கின்றோம்! குடிலைச் சுற்றிச் சிரட்டையிலே பயறு விதைத்தால், பத்து நாளிலே பசும்புல்வெளி எழுமன்றோ? நவராத்திரிக் கும்பத்தடியிலே நவதானியம் முளைவிடக் கண்ட கைகளுக்கு இது புதிதன்று. பொங்கலுக்குப் பட்டம் கட்டும் கையும், வெசாக்குக்கு வெளிச்சக்கூடு கட்டும் கையும், நத்தாருக்கு விண்மீன் கட்டும் கையும் ஒரே வித்தையையே அறிந்திருக்கின்றன. தென்னங்குருத்தைத் தோரணமாக்குவதிலே தமிழர்க்கும் சிங்களவர்க்கும் வழக்கு ஏது?

“நேரம் எங்கே?” என்பார் உளர். அவ்வினா நியாயமானதே. கொழும்பிலே வேலை முடித்துப் பேருந்திலே நின்றுகொண்டு இரவிலே வீடு சேரும் தாய்மாரிடம் இன்னுமொரு கடமையைச் சுமத்துதல் என் கருத்தன்று. இது தாயின் வேலையாகாது, தந்தையும் பிள்ளைகளும் முதியோரும் பங்கிடும் வேலையாதல் வேண்டும். ஒளிவிழாவுக்கென்று விலையுயர்ந்த பொருள்களைக் கொண்டுவரச் சொல்லி, வறிய பெற்றோரைக் கடன்படுத்தும் வழக்கமும் சில பாடசாலைகளிலே உண்டு. அது ஒழிதல் வேண்டும். மூங்கிலையும் தாளையும் பாடசாலையே கொடுத்து, வகுப்பறையிலேயே கட்டச் செய்தல் தகும்.

“வாங்குவது மலிவு” என்பார்க்கும் ஒரு சொல். 2022 இலே அந்நியச் செலாவணி அற்றுப்போய், நூற்றுக்கணக்கான பொருள்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டதை நாம் கண்டோம். அன்றும் மூங்கில் இருந்தது. கோதுமை மா அருமையாயினும் ஒரு பிடி கிடைத்தது. மலிவு என்பது பிறர் கையிலுள்ளது. வித்தை நம் கையிலுள்ளது.

ஆகவே வாசக அன்பர்களே, இவ்வாண்டு ஒரே ஒரு விண்மீன் கட்டுங்கள். மூன்று மாலைப்பொழுது போதும். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டா; சூடேறாத சிறு மின்குமிழே தாளுக்கு நல்லது. சனவரி 6 ஆம் நாள் மூவிராசாக்கள் திருநாள் கழிந்ததும் தாளை உரித்துவிட்டு, மூங்கிற் சட்டத்தைப் பரண்மேல் வையுங்கள். மறு ஆண்டு தாள் மட்டுமே வேண்டியிருக்கும். சீவக் கற்ற பிள்ளை அதற்குள் ஒரு வயது வளர்ந்து, தம்பிக்கோ தங்கைக்கோ தமிழிலே கற்பிக்கும்.