கட்சிக்கொரு சேனல், ஊருக்கு எது?

தமிழ்நாட்டை ஆள்பவர்களுக்கும், ஆளக் காத்திருக்கும் கட்சிகளின் தலைவர்களுக்கும், ஒன்றியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சருக்கும்,

கீழ்பென்னாத்தூரிலிருந்து எழுதுகிறேன். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில் உள்ள பேரூராட்சி. நெல்லும் மல்லாட்டையும்தான் இங்கே பிழைப்பு. எங்களிடம் ஓட்டு கேட்டு வருகிற பெரிய கட்சிகளில் பலவற்றுக்குச் சொந்தமாகவோ சார்பாகவோ ஒரு சேனல் இருக்கிறது. எங்களுக்கு வேண்டிய செய்திதான் எதிலும் முழுதாகக் கிடைப்பதில்லை.

2024 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் 1ஆம் தேதி அண்ணாமலையார் மலை சரிந்து, வ.உ.சி. நகரில் 7 பேர் உயிரோடு புதைந்தார்கள். அதே இரவு விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் பாய்ந்தது. முன்னறிவிப்பே இல்லை என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. அவரவர் சேனலில் அவரவர் பேச்சே திரும்பத் திரும்ப ஓடியது. ஆற்றங்கரைக்காரன் கேட்ட கேள்வி வேறு. எச்சரிக்கை எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது? தண்டோரா போட்டார்களா, போனில் சொன்னார்களா? நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்தவனை யார் எழுப்பினார்கள்? ஊர் ஊராகப் போய் விசாரித்திருந்தால் விடை கிடைத்திருக்கும். அடுத்த வெள்ளத்துக்கு அது உதவியும் இருக்கும். யார் பக்கம் தப்பு என்ற சண்டையிலேயே அந்த விசாரணை அமுங்கிப்போனது.

பக்கச் சார்பால் கெட்டுப்போவது மக்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். முதலில் காது அடைத்துப் போவது கட்சிக்குத்தான். 2011 தேர்தலில் சன், கலைஞர் என்ற இரண்டு பெரிய சேனல்களும் தி.மு.க. பக்கம் இருந்தன. மின்வெட்டால் ஊர்ப்புறத்தில் மூண்டிருந்த கோபம் அந்தத் திரைகளில் தெரிந்திருந்தால், தலைமைக்கு முன்கூட்டியே உறைத்திருக்கும். கட்சி 23 இடங்களோடு மூன்றாம் இடத்துக்குப் போனது. கீழ்பென்னாத்தூர் தொகுதியின் முதல் தேர்தலிலும் அ.தி.மு.க.தான் வென்றது. அதே ஆண்டு 29 இடங்களைப் பிடித்த தே.மு.தி.க.வுக்கு கேப்டன் டிவி இருந்தது. 2016இல் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தொண்டனுக்குப் பிடித்ததையே காட்டுகிற சேனல், அவன் பக்கத்து வீட்டுக்காரன் மனசு மாறிவிட்டதைச் சொல்லவே சொல்லாது.

அந்தச் சேனலாவது கட்சிக்கு நிலைக்கிறதா? 2007 மே மாதம் சன் குழுமத்தின் தினகரன் நாளிதழ் ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. மதுரையில் அதன் அலுவலகம் தாக்கப்பட்டு ஊழியர்கள் 3 பேர் மாண்டார்கள். சன் குழுமக் குடும்பமும் தி.மு.க. தலைமைக் குடும்பமும் பிரிந்தன. தி.மு.க. செப்டம்பருக்குள் கலைஞர் டிவியைத் தொடங்க வேண்டியதாயிற்று. 2017இல் அ.தி.மு.க. உடைந்தபோது ஜெயா டிவி சசிகலா குடும்பத்தின் கையில் நின்றுவிட, ஆளுங்கட்சியே சேனல் இல்லாமல் தவித்தது. 2018இல்தான் அதற்கு நியூஸ் ஜெ வந்தது. கட்சி டிவி என்று தொண்டன் நம்பியது கடைசியில் குடும்பச் சொத்தாகவே இருந்தது.

சொந்தச் சேனலை வளர்ப்பவர்கள் மற்றவர்களின் வாயை அடைக்கவும் பழகிவிட்டார்கள். 1987இல் ஒரு கார்ட்டூனுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. 2003இல் 'தி இந்து' பத்திரிகையாளர்களுக்கு அதே மன்றம் 15 நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. இன்று வழக்குகூடத் தேவையில்லை, கேபிள் போதும். அரசு கேபிளில் புதிய தலைமுறை ஓரங்கட்டப்பட்டதாக 2018இல் அ.தி.மு.க. ஆட்சியிலும் புகார் எழுந்தது, 2025இல் தி.மு.க. ஆட்சியிலும் எழுந்தது. ஒவ்வொரு முறையும் கண்டித்தவர்கள் எதிர்க்கட்சியில் இருந்தவர்கள். நாற்காலி மாறியதும் கண்டனமும் கைமாறுகிறது.

ஆகவே உங்களிடம் மூன்று கோரிக்கைகள்.

முதலாவது, ஒன்றிய அரசுக்கு. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. அரசியல் கட்சிகளும் அரசுகளும் ஒளிபரப்பிலும் கேபிள் விநியோகத்திலும் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. அதில் கட்சிகளைத் தடுக்கும் பகுதியைச் சட்டமாக்குங்கள். பினாமி பெயரில் நடத்துவதற்கும் வழி வைக்காதீர்கள். தூர்தர்ஷனும் ஆளுங்கட்சியின் குரலாகிவிடாமல் காப்பது உங்கள் பொறுப்பு.

இரண்டாவது, மாநில அரசுக்கு. அரசு கேபிளின் குறைந்த கட்டணம் எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டும். ஆனால் எந்தச் சேனல் எந்த எண்ணில் வரும், எது நிறுத்தப்படும் என்று முடிவு செய்யும் அதிகாரம் அமைச்சர் கையில் இருக்கக் கூடாது. எல்லாக் கட்சிக்கும் பொதுவான, தனித்த குழுவிடம் அதைக் கொடுங்கள். ஒரு சேனலை நீக்கினால் காரணத்தை எழுத்தில் வெளியிடுங்கள்.

மூன்றாவது, சட்டமன்றத்துக்கு. நேரலை தருவோம் என்று 2021இல் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது, 2022 ஜனவரியில் கேள்வி நேரம் மட்டும் ஒளிபரப்பானது. எதிர்க்கட்சியினர் பேசும்போது காட்சி வெட்டப்படுவதாகப் புகார் தொடர்ந்தது. 2021 மே மாதம் துணை சபாநாயகரானவர் எங்கள் தொகுதியில் வென்ற கு. பிச்சாண்டி. அந்த மன்றத்தில் நடப்பதை முழுதாகப் பார்க்க எங்களுக்கு உரிமை உண்டு. மானியக் கோரிக்கை விவாதம், வெளிநடப்பு, அமளி எதையும் வெட்டாமல் காட்டுங்கள். யார் சரி என்பதை நாங்கள் பார்த்து முடிவு செய்துகொள்கிறோம்.

இவற்றைச் செய்தால் உங்களைப் புகழ்கிற நேரம் டிவியில் குறையும். எங்கள் ஊரில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது ஓட்டு எண்ணும் நாளுக்கு முன்பே உங்களுக்குத் தெரியவரும். மக்களை ஆள நினைக்கிற எந்தக் கட்சிக்கும் அதைவிடப் பெரிய லாபம் கிடையாது. அடுத்த முறை ஓட்டு கேட்டு வரும்போது, இந்த மூன்றில் எதைச் செய்தீர்கள் என்று கேட்போம். பதிலோடு வாருங்கள்.

இப்படிக்கு,
கீழ்பென்னாத்தூர் வாக்காளர் ஒருவர்