வண்டி நின்றால் யார்மேல் பழி?

தோட்டத்தில் பழைய வேன் வைத்திருக்கும் எவருக்கும் இந்தத் தொல்லை புதிதல்ல. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது. 20 நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், அங்கே நாளெல்லாம் ஓடவிட்டாலும் நிற்பதில்லை. வீடு திரும்பும் வழியில் மறுபடியும் நிற்கிறது.

நமது டிவிஷனில் 14 குடும்பங்கள் கூட்டுப் பணம் போட்டு வாங்கிய வேனுக்கு இந்த நோய் வந்தது. விடியுமுன் ஆட்களைப் பெரட்டுக் களத்திற்கு ஏற்றிச் செல்வதும், பிறகு பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், மதியம் அவர்களைத் திரும்பக் கொண்டுவருவதும் இந்த ஒரே வண்டிதான். முதல் பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். இரண்டாவது பட்டறையில் பிளக்கும் பேட்டரியும் மாறின. மூன்றாவது இடத்தில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார்கள். மொத்தம் 1,100 வெள்ளி போயிற்று. நோய் மட்டும் போகவில்லை.

பணம் தீர்ந்தபின் பழி பிறந்தது. பங்காளிகள் கூட்டத்தில் ஒருவர், "வண்டியில் ஒன்றுமில்லை, ஓட்டுகிறவர் காலில்தான் கோளாறு" என்றார். 20 ஆண்டுகள் லோரி ஓட்டிய ஓட்டுநர் அண்ணன் பதில் ஒன்றும் பேசவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நாமும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். வாய் திறக்காமல் இருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அந்த வெட்கமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

தோழர்களே, பால் குறைந்த மரத்தைக் கண்டதும் கத்தியை ஆழமாக இறக்குகிறவன் நல்ல வெட்டுக்காரன் அல்லன். இரவு மழை பெய்ததா, பட்டை காய்ந்திருக்கிறதா, சென்ற வாரம் எவ்வளவு பால் வந்தது என்று பார்த்த பிறகே அவன் கத்தியை எடுப்பான். செக்ரோல் கணக்கு உதைத்தால் கிராணியும் அப்படித்தான். எந்த நாளில், எந்தப் பெயரில் பிழை விழுந்தது என்று ஒவ்வொரு வரியாகத் தேடுவான். நமது தொழிலில் இவ்வளவு தெரிந்த நாம், வண்டி விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாகங்களை மாற்றியது ஏன்?

வந்து வந்து போகும் கோளாறைப் பிடிக்க முதலில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். 80 காசுப் பள்ளி நோட்டு ஒன்றை வண்டியின் முன்பலகையில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். ஓட்டுநர் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் சாவியைக் கொடுத்தோம். வண்டி நிற்கும்போதெல்லாம் நேரம், எவ்வளவு தூரம் ஓடியபின் நின்றது, தொட்டியில் எவ்வளவு பெட்ரோல், மழையா வெயிலா, நிற்குமுன் திணறியதா, முன்பலகை விளக்குகள் எரிந்தனவா, எத்தனை நிமிடம் கழித்துக் கிளம்பியது என்று அவரே எழுதினார்.

மூன்று வாரங்களில் வண்டி 11 முறை நின்றது. விடியற்காலையில் ஒருமுறைகூட நிற்கவில்லை. 11 முறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிச் சூடேறிய பிறகுதான் நின்றது. தொட்டி நிறைந்திருந்தபோதும் நின்றது. கால்வாசி இருந்தபோதும் நின்றது. இருமலும் திணறலும் இல்லை. சாவியை அணைத்ததுபோல் ஒரே அடியாக நின்றது. சக்கரம் உருண்டு, கியரில் எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சுற்று காட்டும் முள் பூஜ்யத்தில் விழுந்தது. விளக்குகள் எரிந்தன.

இந்த நோட்டைப் படித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி பெரும்பாலும் குலுங்கித் திணறித்தான் நிற்கும். பேட்டரிக் கம்பியோ சாவி சுவிட்சோ விட்டுப்போனால் விளக்குகளும் சேர்ந்து அணையும். முள் மட்டும் சட்டென விழுந்தால், மின்பொறியை உண்டாக்கும் பகுதியில் சந்தேகம் கொள்ள வேண்டும். சூட்டில் கெட்டு, ஆறியதும் பிழைத்துக்கொள்வது காயிலுக்கும் இக்னைட்டருக்கும் உரிய குணம். புதிய வண்டிகளில் கிராங்க் சென்சாருக்கும் இதே குணம் உண்டு. நமது வேனில் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் அடைபட்டுக் கிடப்பதால் சூடு வெளியேற வழி குறைவு.

இந்த நோட்டோடு நான்காவது மெக்கானிக்கிடம் போனோம். அவர் படித்துவிட்டு, தம் சோதனை விளக்கை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து, மேட்டுச் சாலையில் வண்டி நின்றது. அப்போதே சோதித்தார். காயிலுக்கு மின்சாரம் வருகிறது, பொறி பிறக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த இக்னைட்டரே குற்றவாளி. பாகமும் கூலியும் சேர்த்து 260 வெள்ளி. நான்கு மாதங்களாக வண்டி நிற்கவில்லை.

எல்லா வண்டிக்கும் இதுவே மருந்து என்று நாம் கூறவில்லை. சந்தியில் வேகம் குறைக்கும்போது மட்டும் நின்றால், அழுக்கேறிய திராட்டலையோ வெடித்த காற்றுக் குழாயையோ பாருங்கள். நெடுந்தூரம் ஓடித் திணறி நின்று, பெட்ரோல் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றை உள்ளிழுத்துப் பின் கிளம்பினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மேட்டில், தொட்டி குறையும்போது மட்டும் நின்றால், தொட்டியின் அடிக்கசடையும் பில்டரையும் பாருங்கள். மழைநாளில் மட்டும் என்றால் பிளக் வயர்களில் ஈரம். குழியில் விழுந்து குலுங்கும்போது என்றால் பேட்டரி முனையும் எர்த் கம்பியும். கம்ப்யூட்டர் பெட்டி மாட்டினால் தெரிந்துவிடும் என்பார்கள். அதற்கான பொதுச் சாக்கெட் அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்துதான் கட்டாயமானது; நமது கார்புரேட்டர் வேனில் அந்தப் பெட்டியோடு பேச ஆளே இல்லை. ஆகவே நோட்டுதான் பேச வேண்டும்.

இனி, சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறோம். முதல் மூன்று மெக்கானிக்குகளும் திருடர்கள் அல்லர். "பார்ப்பதற்கு எவ்வளவு கேட்பீர்கள்?" என்று நாம் ஒருவரையும் கேட்கவில்லை. பார்த்ததற்குக் கூலி கேட்டால், "எதையும் மாற்றவில்லையே, பணம் எதற்கு?" என்று சண்டைக்குப் போயிருப்போம். அதனால் அவர்களும் எதையாவது மாற்றித் தங்கள் கூலியை எடுத்துக்கொண்டார்கள். நான்காமவர் வண்டியில் உட்கார்ந்திருந்த மணி நேரத்துக்கும் கூலி கேட்டார். கொடுத்தோம். செய்த வேலைக்குக் கூலி வேண்டும் என்று பேசும் நாம், பிறர் மூளையால் செய்யும் வேலையை மட்டும் இலவசமாகக் கேட்பது என்ன நியாயம்? கோளாறைக் கண்டுபிடிப்பதும் வேலைதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இது வெறும் பணநஷ்டக் கதை அல்ல. ஓட்டத்தில் எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் காற்றிழுப்பு நின்றுபோகும். ஓரிரு மிதியில் பெடல் கல்லாகும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் கனக்கும். அப்போது பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரத்தில் நிறுத்த வேண்டும். வண்டி உருளும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்; உருவவே கூடாது. பாலத்தின்மேல், பின்னால் லோரி வரும்போது, உள்ளே பள்ளிப் பிள்ளைகள் இருக்க வண்டி நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. "பிறகுதான் கிளம்பிவிடுகிறதே" என்று ஓட்டிக்கொண்டிருப்பது பெருந்தவறு.

பங்கு வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு டிவிஷனும் 80 காசு செலவழித்து ஒரு நோட்டை வண்டியில் கட்டித் தொங்கவிடட்டும். அடுத்த முறை வண்டி நின்றால், ஓட்டுநரின் முகத்தைப் பார்க்குமுன் அந்த நோட்டைப் பாருங்கள்.