கணக்கு உதைத்தால் பையனைத் திட்டலாமா?

இரவு கடை சாத்தும் நேரத்தில் கல்லாவை எண்ணுகிறோம். சிட்டையில் உள்ள தொகைக்கும் கையில் உள்ள பணத்துக்கும் 110 ரூபாய் உதைக்கிறது. அனுபவப்பட்ட வியாபாரி எடுத்த எடுப்பில் கடைப் பையனின் சட்டையைப் பிடிக்க மாட்டார். முதலில் கூட்டலைச் சரிபார்ப்பார். கடன் கொடுத்ததை எழுத மறந்தோமா என்று பார்ப்பார். சுமைக்கூலி கொடுத்தது விட்டுப்போயிற்றா என்று யோசிப்பார். இவ்வளவும் பார்த்த பிறகும் கணக்கு நேராகவில்லை என்றால்தான் ஆளைச் சந்தேகிப்பார். இது நம் பாட்டன் காலத்து வழக்கம்.

கணக்கில் காட்டும் இந்தப் பொறுமையை, அதே கல்லா மேசையில் இருக்கும் லேப்டாப் விஷயத்தில் நாம் காட்டுகிறோமா? அண்மையில் குறிஞ்சிப்பாடிக் கடைத்தெருவில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி இக்கேள்வியை எழுப்புகிறது.

நமக்கு வேண்டிய ஒரு மளிகைக் கடை. மகன் பொறியியல் படிக்கிறான். அவனுக்காகத் தவணையில் வாங்கிய கேம் லேப்டாப்தான் கடைக்கும் கணக்குப் பெட்டி. விடுதியில் இருக்கும் பையன் விடுமுறையில் வந்தால், பகலில் அப்பா பில் போடுவார். இரவில் மகன் விளையாடுவான். சில வாரங்களாகத் திரை திடீரென்று கறுத்து, மறுபடி வந்தது. டிஸ்ப்ளே டிரைவர் பதில் தரவில்லை என்ற பொருளில் ஓர் அறிவிப்பும் காட்டியது. பின்னர் நீலத்திரை வந்தது. சில சமயம் மெஷினே அணைந்துபோனது.

"ராத்திரி பூரா கேம் ஆடி மெஷினையே எரிச்சுட்டே. இனிமே இதைத் தொடாதே" என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நான் இல்லாதப்பவே இப்படித்தான் ஆச்சுன்னு அம்மா சொன்னாங்கப்பா" என்று பையன் சொன்னது எடுபடவில்லை. பழுது பார்க்கும் ஓர் இடத்தில், திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போயிடுச்சு, 24,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். அன்று தேதி 18. மாதாந்திர ஜி.எஸ்.டி. 3பி படிவத்துக்குக் கடைசி நாள் 20. தவறினால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டியும் சேரும். பதறிய மனிதர் பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டார்.

நாம் அவரைச் சற்றே நிறுத்தி வைத்தோம். காரணத்தைச் சொல்லுமுன், இந்த 'டிரைவர்' யார் என்று சொல்லிவிட வேண்டும்.

நம் மண்டியில் விவசாயிக்கும் வியாபாரிக்கும் நடுவே தரகர் இருப்பதுபோல, விண்டோஸுக்கும் திரைப்படத்தை வரையும் கிராபிக்ஸ் சிப்புக்கும் நடுவே நிற்கும் மென்பொருளே டிரைவர். விண்டோஸ் கேட்பதைச் சிப்புக்குச் சொல்லும். சிப்பு முடித்ததைத் திருப்பிச் சொல்லும். 2 விநாடிக்குள் சிப்பிலிருந்து வேலை நடக்கும் அடையாளம் வராவிட்டால், விண்டோஸ் சிப்பையும் டிரைவரையும் நிறுத்தி மறுபடி தொடங்கும். திரை ஒரு கணம் கறுப்பது அதனால்தான். அப்படியும் சரிவராவிட்டால் நீலத்திரை. 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது.

ஆகவே அந்த அறிவிப்பு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தரகரிடமிருந்து பதில் இல்லை. ஏன் இல்லை என்பதை அது சொல்வதில்லை. தரகரே தவறியிருக்கலாம்; சரக்கு வண்டி நின்றிருக்கலாம்; ஆள் வெயிலில் மயங்கியிருக்கலாம். "டிரைவர்" என்ற சொல்லைப் பார்த்ததும் டிரைவரையோ, போர்டையோ, பையனையோ குற்றவாளி ஆக்குவது, 110 ரூபாய் உதைத்ததும் கடைப் பையனைத் திருடன் என்பதைப் போன்றது.

இது நம் ஊரில் மட்டும் நடக்கும் குழப்பமன்று. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்கள் சிலவற்றில் விளையாட்டுகள் பாதியில் நின்றன. கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று திரை சொன்னது. குறையோ பிராசசரில். அதற்கு வேண்டியதைவிடக் கூடுதல் மின்னழுத்தம் போனது என்று 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டியது. 2010 மார்ச்சில் என்விடியா தான் வெளியிட்ட ஒரு டிரைவரைத் திரும்பப் பெற்றது. அது மின்விசிறியைச் சரியாக ஓடவிடாமல் சிப்பைச் சூடாக்கியது. அங்கே குற்றவாளி டிரைவர்தான். அதே என்விடியா 2008 ஜூலையில், லேப்டாப் சிப்புகள் சிலவற்றின் பொருள் குறைபாட்டுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை செலவு ஒதுக்குவதாக அறிவித்தது. அங்கே குற்றவாளி சிப்பு. வெளியில் தெரிந்த அடையாளம் ஏறத்தாழ ஒன்று. காரணம் மூன்று விதம்.

அதனால்தான் நாம் வற்புறுத்துகிறோம்: செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி, செலவுள்ள சோதனைக்குப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுத வேண்டும். நான்கை ஒரே நாளில் மாற்றினால், எது குணப்படுத்தியது என்பது எக்காலத்திலும் தெரியாது.

அந்தக் கடையில் நடந்ததையே முறையாகச் சொல்கிறோம்.

எதையும் தொடுமுன் கணக்கு விவரங்களை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தோம். கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே மெஷின் அணைந்தால் கணக்குக் கோப்பு பழுதாக வாய்ப்புண்டு. மெஷினை இன்னொன்று வாங்கலாம். பாக்கிப் பட்டியலை எந்தக் கடையில் வாங்குவது?

அடுத்து, விண்டோஸில் 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்ற பகுதியைத் திறந்தோம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'ரிலையபிலிட்டி' என்று தேடினால் வரும். எந்தத் தேதியில் எது நின்றது, எது புதிதாகச் சேர்ந்தது என்று நாள்வாரியாகக் காட்டும். அதுவே மெஷினின் சிட்டை. முதல் சிவப்புக் குறி விழுந்த தேதியைக் கடைக்காரரே படித்தார். அன்று மகன் கல்லூரி விடுதியில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான். மெஷினில் பில் போட்டவர் அப்பா. அதற்கு முந்தின நாள் விண்டோஸ் தானாகவே வேறொரு டிஸ்ப்ளே டிரைவரை ஏற்றியிருந்தது. அவர் சற்று நேரம் பேசவில்லை.

மூன்றாவது, மெஷின் இருந்த இடம். மேசையில் தராசுக்கு இடம் விட்டு, லேப்டாப்பைப் பாதி காலியான மைதா மூட்டையின் மேல் வைத்திருந்தார்கள். கேம் லேப்டாப் பெரும்பாலும் அடிப்பக்கமாகக் காற்றை இழுத்துப் பின்பக்கமாகவும் பக்கவாட்டிலும் சூட்டைத் தள்ளும். மூட்டை அடிவாயை அடைத்துவிட்டது. போதாக்குறைக்கு மாவுத்தூள் உள்ளே போய், ஈரக்காற்றும் சேர்ந்து, விசிறிக்குப் பின்னுள்ள தகடுகளில் அடைபோல் படிந்திருந்தது. அடிமூடியைக் கழற்றத் தெரிந்தவரைக் கொண்டு, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்தோம். சில நூறு ரூபாய்க் கூலி. மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் நம் கடைகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. டாஸ்க் மானேஜரில் கிராபிக்ஸ் சிப்பின் சூடு தெரியும். விளையாட்டின்போது 80 டிகிரியைத் தொடுவது இந்த வகை மெஷின்களில் சாதாரணம். சும்மா இருக்கும்போதே அவ்வளவு காட்டினால் சாதாரணமன்று.

சுத்தம் செய்தபின் மெஷின் அணைவது நின்றது. திரை கறுப்பது நிற்கவில்லை! ஒரே நோய் என்று நினைத்தது இரண்டு நோயாக இருந்தது. ஒவ்வொன்றாகச் செய்ததால்தான் இது தெரிந்தது.

நான்காவது, மின்சாரம். பக்கத்தில் நெய்வேலியில் மின்சாரம் உற்பத்தியாகிறது என்பதற்காக நம் கடைப் பிளக்கில் வோல்டேஜ் சீராக இருக்கும் என்று எண்ண முடியாது. கேம் லேப்டாப்புக்குப் பெரும்பாலும் 180 வாட், 230 வாட் என்று பெரிய அடாப்டர் வரும். அது கைக்கு எட்டவில்லை என்று 65 வாட் சார்ஜரைச் செருகினால், மெஷின் வேகம் இழக்கும். பாரமான வேலையில் தடுமாறவும் கூடும். தளர்ந்த பிளக், எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அந்தக் கடையில் இவை சரியாக இருந்தன.

ஐந்தாவதுதான் டிரைவர். டிவைஸ் மானேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து 'ரோல் பேக்' கொடுத்தால் பழைய டிரைவர் திரும்பும். அந்த வசதி மங்கலாக இருந்தால், லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்தில் நம் மாடலுக்கென்றே உள்ள டிரைவரை முதலில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இணையத்தைத் துண்டித்து, இருக்கும் டிரைவரை நீக்கி, இறக்கியதை ஏற்ற வேண்டும். பெரும்பாலான கேம் லேப்டாப்புகளில் பிராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸ் ஒன்று, தனி கிராபிக்ஸ் ஒன்று என இரண்டு உண்டு என்பதை மறக்கக் கூடாது. இரண்டுக்கும் டிரைவர் உண்டு. புதியது எப்போதும் நல்லது என்றும் எண்ண வேண்டாம். என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 10 வரிசை போன்ற பழைய சிப்புகளுக்குப் புது விளையாட்டு டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை என்று அந்நிறுவனம் அறிவித்துள்ளது.

நம் நண்பர் கடையில் கம்பெனி டிரைவரை ஏற்றியதும் திரை கறுப்பதும் நின்றது. 19ஆம் தேதியே படிவம் போய்ச் சேர்ந்தது. 24,000 ரூபாய் கல்லாவிலேயே இருந்தது.

இதையெல்லாம் செய்தும் தீரவில்லை என்றால்? விண்டோஸ் தொடங்குமுன்னரே திரையில் கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்போது எச்.டி.எம்.ஐ. வயர் மூலம் வேறு டி.வி.யில் இணைத்துப் பார்க்க வேண்டும். டி.வி.யில் படம் சுத்தமாக இருந்தால், லேப்டாப்பின் திரையோ அதன் வயரோ பழுதாக இருக்கலாம். அங்கேயும் கோடு வந்தால் சிப்பைச் சந்தேகிக்கலாம். நினைவகத்தைச் சோதிக்க விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கிறது. போர்டு உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. திறந்து பாராமல் சொல்லும் தீர்ப்பையே மறுக்கிறோம். எதைச் சோதித்தார்கள், என்ன கண்டார்கள், கழற்றிய பாகம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். நம்மிடம் சரக்கு வாங்குபவர் எடையைக் காட்டச் சொன்னால் காட்டுகிறோம் அல்லவா?

பில் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் லேப்டாப் வாங்கினால் உள்ளீட்டு வரியைக் கழிக்க வழியுண்டு. ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர். சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே பயன்படுத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. நாளை வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் எடுக்கும். யார் பெயரில் பில் வாங்குவது என்பதை வாங்கும் நாளிலேயே யோசியுங்கள்.

இறுதியாக நம் கருத்து. பிள்ளை விளையாடுவதைத் தடுக்கச் சொல்லவில்லை. பில் போட அவ்வளவு பெரிய மெஷின் தேவையே இல்லை என்கிறோம். வசதியுள்ளவர்கள் கணக்குக்கென்று எளிய கணிப்பொறி ஒன்றைத் தனியே வையுங்கள். வசதியில்லாதவர்கள், படிவம் அனுப்பும் வாரத்திலும் பண்டிகை வாரத்திலும் எந்தப் புதுப்பித்தலையும் ஏற்றாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான புதுப்பித்தலால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் நீலத்திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கே அந்த நிலை என்றால், மாற்று ஏற்பாடு இல்லாத சிறுகடை எம்மாத்திரம்? ஒரு பில் புத்தகமும் கார்பன் தாளும் மேசை இழுப்பறையில் எப்போதும் இருக்கட்டும்.

நண்பர் இப்போது லேப்டாப்புக்குக் காலுள்ள பலகை ஒன்று அடித்துவிட்டார். மாதக் கடைசியில் அந்தச் சிவப்புக் குறிகளைப் பார்த்துச் சொல்லும் வேலையை மகனிடமே கொடுத்திருக்கிறார். போக இருந்த பணம் நின்றதைவிட, பிள்ளைமேல் விழுந்த வீண்பழி நீங்கியதே பெரிய லாபம் என்று நாம் கருதுகிறோம். கணக்கு உதைத்தால் முதலில் கூட்டலைப் பாருங்கள், வணிகப் பெருமக்களே. கணிப்பொறிக்கும் அதே நியாயம்தான்.